பச்சைக் கொடியை இறக்கிய அம்மையார்

முதியோர் இல்லத்தின் வரவேற்பறைச் சுவரில், செயற்கை மலர்மாலை சாத்திய அம்மையாரின் நிழற்படத்தின் கீழே, மூன்று வரி அஞ்சலிக் குறிப்பு ஒன்றை ஒட்டியிருந்தனர். "எங்கள் இல்லத்தில் அமைதியாக வாழ்ந்தார். பணியாளர் அனைவரிடமும் ஒத்துழைத்தார். பாதுகாப்பான சூழலில் தம் இறுதி நாள்களைக் கழித்தார்." ஊன்றுகோலைப் பற்றி நின்றவாறே அதனை இருமுறை படித்தேன். மூன்று வரிகளும் பொய். இக்கட்டுரையை எழுதுவதற்கு வேறு காரணம் எனக்குத் தேவையில்லை. இறந்தவர் எழுந்து வந்து மறுப்புரைக்க இயலாது. இயலுமாயின் அவர் வந்திருப்பார், நடந்தே வந்திருப்பார்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருடைய மகளின் வேண்டுகோள் அது. இல்லத்தின் பெயரையும் எழுதவில்லை. அச்சத்தினால் அன்று. அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அத்தகைய வேறோர் இல்லத்தின் பெயரை இட்டாலும் இக்கட்டுரையில் பெரிதாக எதனையும் மாற்ற வேண்டியிராது என்று கருதுகிறேன்.

மல்லேசுவரத்தில் என் வீட்டுப் படியில் இடறி, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை மருத்துவமும் முடிந்தபின், மனைவியை இழந்தவன் மாடி வீட்டில் தனியே இருத்தலாகாது என்று என் மகன் கருதினான். அதனால் வைட்ஃபீல்டில், அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே அமைந்த அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. தூய்மையான இடம். குளிரூட்டிய அறைகள். வேளை தவறாத உணவு. முதல் நாள் நான் மனநிறைவோடுதான் படுத்திருந்தேன்.

மறுநாட் காலை, சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே ஓர் அம்மையார் என் அறை வாயிலில் வந்து நின்றார். ஒல்லியான உடல். நன்கு இழுத்துச் செருகிய புடைவை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா, புதுசா?"

"ஆம் அம்மா. நேற்றுத்தான் வந்தேன்."

"எந்தக் காலு?"

"இடது."

"அப்போ வலது காலு நல்லாத்தானே கீது? அது இன்னா தப்பு பண்ணுச்சு, அதையும் படுக்க வெச்சிக்கினு இருக்கீங்க?"

மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார், நடத்திச் செல்லப் பணியாளர் வருவார் என்று காத்திருக்கிறேன் என்றேன்.

"வருவாங்க வருவாங்க. நல்லா காத்துக்கினு இருங்க" என்று சொல்லிவிட்டுத் தம் வழியே நடந்தார்.

அவரை நான் அறிந்த காலம் முழுவதும் அவருடைய இயல்பு அந்த ஒன்றுதான். அவர் நடப்பார். கழிவறைக்கு நடப்பார். உணவுக் கூடத்திற்கு நடப்பார். நடைவழியின் கோடியில் உள்ள பெரிய சன்னலுக்கு நடந்து போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடப்பார். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். அந்த இல்லத்தில் அது குற்றம்.

ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வரவேற்பறை மேசைமீது சிறு கம்பம் ஒன்றில் பச்சைக் கொடி நிற்கும். அம்மாதத்தில் அங்கு வாழ்வோர் எவரும் கீழே விழவில்லை என்பதற்கு அது சான்று. எவரேனும் விழுந்துவிட்டால் கொடியை எடுத்துவிடுவர்; அடுத்த மாதம் பிறக்கும் வரை வெறுங்கம்பம் நிற்கும். பெற்றோரைச் சேர்க்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டப்படுவது அந்தக் கொடிதான். முதியவர்கள் விழாமல் நடக்கும்படி செய்வது கடினமான பணி. அதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், சுவரெங்கும் கைப்பிடி வேண்டும், உலர்ந்த தரை வேண்டும். முதியவர்களை நடக்கவிடாமலே செய்வது மிக எளிது. ஒரு வார்ப்பட்டை போதும்.

அவர்கள் எளியதையே தேர்ந்திருந்தனர். நடக்க இயன்றவரையும் காலையில் சக்கர நாற்காலியில் இருத்தி, இடுப்பைச் சுற்றிப் பட்டையை இழுத்து, அவர் கை எட்டாதவாறு நாற்காலியின் முதுகுப்புறம் பூட்டினர். மருத்துவர் நடக்கச் சொல்லியிருந்ததால் நான் தப்பினேன்; அம்மையாரோ பட்டையோடு வருபவர்களைப் பேசியே திருப்பி அனுப்பிவிடுவார். அனைவருக்கும் அணையாடை; 'டயப்பர்' என்பார்கள். தேவையுள்ளவர் இவர், தேவையற்றவர் இவர் என்ற பாகுபாடு கிடையாது. கழிவறைக்குப் போக வேண்டும் என்று கேட்பவரிடம், "அதுலயே போங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்பார்கள். ஒரு மனிதர் எழுபது ஆண்டுகளாகக் காத்துவந்த நாணத்தை அந்தச் சில சொற்களால் களைந்துவிட்டு, அதற்குப் 'பராமரிப்பு' என்று பெயரும் இட்டிருந்தார்கள். அங்குப் பணி செய்த இளம்பெண்களை நான் குறை கூறேன். ஒரு தளம் முழுமைக்கும் இரண்டு பெண்களை விட்டுவைத்தால், அவர்கள் எத்தனை பேரைத்தான் கைபிடித்து நடத்துவர்? இரண்டு பெண்கள் போதும் என்று முடிவு செய்தவர்கள் எவரும் அத்தளத்திற்கு வந்து நான் பார்த்ததில்லை.

இதற்குப் பிள்ளைகளும் உடந்தை. அறியாமலே உடந்தை. அறைதோறும் கண்காணிப்புக் கருவி பொருத்தியிருந்தனர். பிள்ளைகள் அலுவலகத்தில் இருந்தவாறே, அயல்நாட்டில் இருந்தவாறே, தத்தம் கைபேசியில் பெற்றோரைக் காணலாம். பெற்றோர் கட்டிலையோ நாற்காலியையோ விட்டு எழுந்தால் அக்கைபேசியில் மணி ஒலிக்கும். உடனே அன்பு மிகுந்த அப்பிள்ளை பதறி இல்லத்தை அழைத்து, "அம்மா ஏன் எழுந்தாங்க? உக்கார வைங்க" என்று கேட்டுக்கொள்வார். முதியவர்களின் ஆடையை மாற்றும் வேளையிலும் அந்தக் கருவியின் கண் மூடுவதில்லை என்பதை எந்தப் பிள்ளையும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

என் அறைக்கு எதிரறை அம்மையாருடையது. அவருடைய மகள் பக்கத்துக் கோபுரம் ஒன்றில் கணினிப் பணியில் இருந்தார். அம்மையார் கட்டிலை விட்டு இறங்கியதும் உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக் கருவியிடம் பேசுவார்:

"இன்னாடி பாக்குற? மீட்டிங் இல்லியா உனக்கு? பாத்ரூம் போறேன். போய்ட்டு வந்து சொல்றேன், நீ உன் வேலையப் பாரு."

அவர் வாயிலைத் தாண்டுவதற்குள் செவிலியர் மேசையில் தொலைபேசி ஒலிக்கும். பணிப்பெண் ஒருத்தி ஓடி வருவாள்.

"அஜ்ஜி, கூத்கோளி அஜ்ஜி! மேடம் ஃபோன் மாடிதாரெ!"

"யாருடி அஜ்ஜி? உன்ன விட ஜோரா நடப்பேன். வா, அந்த சன்னலு வரைக்கும் ரேஸ் வுடலாமா?"

உட்காருங்கள் பாட்டி என்று கெஞ்ச வந்த அப்பெண் சிரித்துவிடுவாள். பல நாள் அவளே கையைக் கொடுத்துக் கழிவறை வரை அழைத்துச் சென்றதையும் பார்த்திருக்கிறேன். சிரிக்க நேரமிருந்த நாள்களில்.

நான் தமிழ் கற்பித்தவன் என்று அறிந்தபின், ஆசிரியரை அழைக்கும் கன்னட வழக்கில் என்னை 'மேஷ்ட்ரே' என்று அழைக்கலானார். என் பேச்சு அவருக்குப் பெரும் வேடிக்கை. "ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறாப்பல பேசுறீங்களே மேஷ்ட்ரே, சண்டை போட்டாலும் இப்படித்தானா?" என்று கேட்டார். நான் சண்டையிட்டதில்லை என்றேன். "அதான் படுக்க வெச்சிட்டாங்க" என்றார். அன்றே நான் எழுந்தேன். நடைச்சட்டத்தை ஊன்றி, அவருக்கு இரண்டடி பின்னால், சன்னல் வரை நடந்தேன்.

அச்சன்னலில் இருந்து மேம்பாலத்தின்மீது மெட்ரோ வண்டி போவது தெரியும். அதற்காகத்தான் அவர் அங்கு வந்து நிற்பார். "அதோ போவுது பாருங்க, அல்சூரு வண்டி. எங்க வூட்டாண்டயே போவுது." அல்சூரை அடுத்த மர்பி டவுனில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்தே வேலைக்குப் போனவர். கணவர் மறைந்தபின் மகள் தம் அடுக்ககத்திற்கு அழைத்துக்கொண்டார். அங்கே ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆயினும் மகளின் துணிவு முறிந்தது. அதன் விளைவே இந்த இல்லம்.

சன்னலருகே நின்றபோது ஒருநாள் தம் பணிக்காலக் கதையைச் சொன்னார். ஒரு பெருந்தொழிற்சாலையில், உதிரி உறுப்புகளை இணைக்கும் பொருத்தற் பிரிவில் வேலை. நாள் முழுதும் நின்றே செய்யும் வேலை. கழிவறைக்குச் செல்ல வேண்டுமாயின் மேற்பார்வையாளரிடம் ஒரு தகர வில்லையைக் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். பெண்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே வில்லை. ஒருத்தி திரும்பினால்தான் இன்னொருத்தி போகலாம்.

"அந்த ஆளு கிட்டப் போய் நின்னு கேக்கணும் மேஷ்ட்ரே. அவன் மேலயும் கீழயும் பாத்துட்டுத்தான் குடுப்பான். ஒரு நாளு எல்லாரும் பேசி வெச்சிக்கினு ஒண்ணா கெளம்பிப் போய்ட்டோம். லைன் பூரா நின்னு போச்சு. 'டோக்கன் எங்க'ன்னான். 'நீயே வெச்சிக்க, உனக்கு வந்தா ஆவும்'னேன்."

"பிறகு?"

"பிறகு இன்னா, டோக்கன் போச்சு." வண்டி கண்ணுக்கு மறைந்ததும் திரும்பி நடந்தார். சற்றுத் தூரம் வந்தபின், "இப்ப இவங்க கேட்டு வாங்க ஒரு டோக்கன் கூட இல்லாம பண்ணிட்டாங்க" என்றார்.

குடியரசு நாள் வந்தது. இல்லத்தின் முற்றத்தில் எங்களை வரிசையாகச் சக்கர நாற்காலிகளில் நிறுத்தினர். பிள்ளைகள் சிலர் நேரில் வந்திருந்தனர். ஏனையோர் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தனர். கொடி ஏறியது. ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் தொடங்கிற்று. எங்கள் தலைமுறையைச் சேர்ந்தவர்களுக்கு அவ்வொலி காதில் விழுந்ததும் உடம்பு தானே எழும். அதற்கு எவரும் ஆணையிட வேண்டியதில்லை. நான் நடைச்சட்டத்தைப் பற்றி எழுந்தேன். எனக்கு முன் வரிசையில் இருந்த முன்னாள் படைவீரர் ஒருவர், தமக்குப் பட்டை பூட்டியிருப்பதை மறந்து எழ முயன்றார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. அவரால் நிமிரவும் முடியவில்லை; அமரவும் மனம் வரவில்லை. கூனிய முதுகில் நாற்காலியைச் சுமந்தவாறு, நெற்றியில் கைவைத்து வணங்கி நின்றார். வரிசை நெடுகிலும் அதே காட்சி. நாற்காலிகள் கிரீச்சிட்டன. பட்டைகள் இழுபட்டன.

மேலாளர் ஓடோடி வந்தார். "உக்காருங்க, உக்காருங்க! வயசானவங்க நிக்கணும்னு இல்ல. ப்ளீஸ், விழுந்துடப் போறீங்க!"

அம்மையாருக்கு அன்று பட்டையைச் சரியாகப் பூட்டவில்லை போலும். அல்லது அவரே பணிப்பெண்ணிடம் சொல்லித் தளர்த்தச் செய்திருக்கலாம். அவர் நேராக நின்றிருந்தார். பண் முடியும் வரை அசையவில்லை. முடிந்ததும் மேலாளரைப் பார்த்து, முற்றத்தில் இருந்த அனைவருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தப் பாட்டுக்கு ஜனங்களக் குந்தச் சொன்ன மொதல் ஆளு நீதான்யா."

சிலர் நகைத்தனர். வந்திருந்த பிள்ளைகளும் நகைத்தனர். தம் தந்தையின் முதுகில் தொங்கிய நாற்காலியைக் கண்ணெதிரே கண்டபின்னும் அதை ஒரு வேடிக்கை நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு, படம்பிடித்துச் சுற்றத்தாருக்கு அனுப்பினர். ஒருவரேனும் பட்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை. 

அதன்பின் சில வாரங்களில் அவர் விழுந்தார். காலையில் நடைவழியைக் கழுவியவர்கள் சவர்க்கார நீரைத் துடைத்து எடுக்காமலே, எச்சரிக்கைப் பலகையும் வைக்காமலே, அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டனர். அறையை விட்டு வெளியே கால் வைத்ததும் அம்மையார் வழுக்கி அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார். மணிக்கட்டில் சிறு சுளுக்கு, வேறொன்றும் இல்லை. தாமே சுவரைப் பற்றி எழுந்தும் விட்டார். ஆனால் அன்று மாலைக்குள் பச்சைக் கொடி கம்பத்தை விட்டு இறங்கிற்று.

நான் மேலாளரைப் பார்க்கச் சென்றேன். அவர் மென்மையாகப் பேசும் இளைஞர்.

"ஈரத்தை உலர்த்தாமல் விட்டது எவர் பிழை?" என்று கேட்டேன்.

"சார், தரையினால விழல சார். அவங்க நடந்தாங்க, அதனால விழுந்தாங்க. நடக்காம இருந்திருந்தா விழுந்திருப்பாங்களா, நீங்களே சொல்லுங்க."

"பிணமும் விழுவதில்லை. அதற்கும் ஒரு பச்சைக் கொடி நடுவீரா?"

"சார், நீங்க படிச்சவங்க. இப்படிப் பேசலாமா? எல்லாம் அவங்க சேஃப்டிக்குத்தானே."

அம்மையார் அன்று மாலை என்னிடம் கேட்டார்: "சண்டை போட்டீங்களாமே மேஷ்ட்ரே? நியூஸ் மாதிரியேவா?"

"ஆம்."

"அதான் அந்தாளுக்குப் புரியல" என்று சொல்லிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுவே கடைசி.

மறுநாள் முதல் விழித்திருக்கும் பொழுதெல்லாம் நாற்காலி. விழித்திருக்கும் பொழுதெல்லாம் பட்டை. அவர் பட்டையை இழுத்தார், கூவினார், கருவியை நோக்கி மகளை ஏசினார். அதற்குப் 'பதற்றம்' என்று பெயர் சூட்டி, மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு, ஒரு மாத்திரையைக் கூட்டினர். அது பலித்தது. சில வாரங்களில் அவர் கூவுவதை விட்டார். பேச்சு குழறிற்று. தலை மார்பின்மேல் தொங்கிற்று. நான் சன்னலுக்குப் போகும் வழியில் அவர் அறை முன் நின்று, "அல்சூர் வண்டி போகிறது அம்மா" என்பேன். ஒரு கண் மட்டும் திறக்கும். சுவர் பற்றி நடந்த அந்தக் கால்கள் வாழைத்தண்டு போல் வெளிறி, நாற்காலியின் மிதிபலகைமேல் கிடந்தன. இதைத்தான் அந்த அஞ்சலிக் குறிப்பு அமைதி என்று சொல்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தார். தீய பெண் அல்லர். தாய்க்குத் தலைவாரி, பழத்தை நறுக்கி ஊட்டி, அருகிலேயே அமர்ந்திருந்தார். நான் அந்த அறைக்குள் சென்றேன். எனக்கு முன் அவரே பேசினார்.

"வாங்க சார். அம்மா இப்ப எவ்ளோ அமைதியா இருக்காங்க பாருங்க. முன்னாடி ஆபீஸ்ல ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கும். எப்பப் பார்த்தாலும் எழுந்து நடப்பாங்க. எனக்கு உயிரே போய்டும்."

"நடந்ததை உங்களிடம் சொல்லலாமா அம்மா?" என்றேன். ஈரத்தரையைப் பற்றிச் சொன்னேன். பட்டையின் பூட்டு எங்கே இருக்கிறது என்று காட்டினேன். மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிற்று. என்மீது சினந்தாரா என்று தெரியவில்லை.

"விழுந்தா நான் என்ன சார் பண்ணுவேன்? ஒரே ஆளு நான்."

அப்போது தாய் தலையை நிமிர்த்தினார். சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"விழுந்தா... தூக்கு. உன்ன... நான் தூக்கல?"

மகள் தாயின் முன் குனிந்து, "என்னம்மா வேணும் உனக்கு?" என்று கேட்டார். அங்கு சேர்த்த பிறகு அக்கேள்வியை அவர் கேட்டதே இல்லை என்று பின்னர் அவரே என்னிடம் சொன்னார்.

"பாத்ரூம்."

மகள் அழைப்பு மணியை அழுத்தினார். வந்தவள் புதிய பணிப்பெண். அவளுக்குத் தெரிந்த விடை ஒன்றுதான்.

"டயப்பர் போட்டிருக்கு மேடம். அதுலயே போகலாம்."

 பிறகு மகள் எழுந்து நாற்காலியின் பின்னே சென்றார். பூட்டைத் திறக்க அவருக்குத் தெரியவில்லை. நகம் உடைந்தது. பணிப்பெண், "மேடம், மேனேஜர் கிட்டக் கேட்டுட்டு..." என்று தொடங்கினாள், மகளின் முகத்தைக் கண்டு, தானே குனிந்து திறந்துவிட்டாள். இருவருமாகத் தாயின் அக்குள்களில் கை கொடுத்து எழுப்பினர். கால்கள் தாங்கவில்லை. முழங்கால் மடங்கிற்று. மீண்டும் நிமிர்த்தினர். அம்மையார் கையை நீட்டிச் சுவரைத் தேடினார், தொட்டார்.

அப்போது கட்டிலின்மேல் இருந்த மகளின் கைப்பைக்குள் கைபேசி ஒலித்தது. நாற்காலியை விட்டு அம்மா எழுந்துவிட்டார் என்று மகளுக்கு அது அறிவித்தது. விடாமல் ஒலித்தது. எவரும் அதனை எடுக்கவில்லை. அவ்வொலி முழங்க முழங்க அவர்கள் கழிவறை வாயிலை அடைந்தனர். கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து மகளின் அலறல் கேட்டது. புடைவையை விலக்கியபோதுதான், முதுகின் கீழே, கைப்பிடி அளவு குழிந்திருந்த படுக்கைப்புண்ணை அவர் கண்டார். கருவியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அது வளர்ந்திருந்தது.

அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். புண்ணின் நஞ்சு குருதியில் கலந்துவிட்டது என்றனர் மருத்துவர்கள். அம்மையார் திரும்பி வரவில்லை. அம்மாதத்தில் எவரும் விழவில்லையாதலால் பச்சைக் கொடி கம்பத்தில் பறந்தது. ஒருவர் வழுக்கி அமர்ந்தால் இறங்கும் கொடி, ஒருவர் நாற்காலியிலேயே அழுகி இறந்தால் இறங்குவதில்லை. அதற்கான விதியை அவர்கள் எழுதவில்லை.

நான் வீடு திரும்பியபின் ஒருநாள் மகள் மல்லேசுவரத்திற்கு என்னைப் பார்க்க வந்தார். இல்லத்தாரின்மீது முறையீடு செய்திருப்பதாகவும், நான் சான்றுரைக்க வேண்டும் என்றும் கேட்டார். உரைப்பேன் என்றேன். காப்பியை ஆற விட்டுவிட்டுக் கைபேசியை எடுத்து என்முன் நீட்டினார்.

"இவங்க இன்னும் என் கனெக்‌ஷன கட் பண்ணல சார். பாருங்க. அம்மா சேர்ல வேற யாரோ இருக்காங்க."

பார்த்தேன். நரைத்த தலை ஒன்று மார்பின்மேல் தொங்கியிருந்தது. இடுப்பில் அதே பட்டை.

"யாருன்னே தெரியல. ஆனா அவங்க எழுந்தா என் ஃபோன்தான் அடிக்கும். இதுவரைக்கும் ஒருதரம் கூட அடிக்கல சார்."

அஞ்சலிக் குறிப்பை நான் கண்டது அதற்குப் பின்னர், என் சான்றுரைக்கு வேண்டிய தாள்களை வாங்க இல்லத்திற்கு ஒருமுறை சென்றபோது.

இக்கட்டுரையில் பிழைகள் இருத்தல் கூடும். கேட்டவற்றை நினைவில் இருந்தே எழுதினேன். பொருத்தற் பிரிவில் அவருடன் நின்று உழைத்தவர்கள், அந்தத் தகர வில்லையின் கதையை நான் தவறாகச் சொல்லியிருந்தால் எழுதுக. மர்பி டவுனில் அவரை அறிந்தவர்கள், அவர் பேச்சை நான் பிழைபட எழுதியிருந்தால் திருத்துக. அத்தளத்தில் எங்களோடு இருந்தவர்கள், நிகழ்ச்சிகளை நான் முன்பின்னாக வைத்திருந்தால் சுட்டிக்காட்டுக. அனைத்தையும் நன்றியோடு ஏற்பேன். இல்லத்தாரும் எழுதலாம். ஆயின், அவர்கள் முதலில் தங்கள் சுவரில் உள்ள மூன்று வரிகளைத் திருத்தட்டும். அவ்விடத்தில் ஒரு வரி போதும்: இவர் நடக்க விரும்பினார், நாங்கள் விடவில்லை.